பூம்பாறை மூடுபனி கரியாகிப்போன விதம்: ஒளிநிலைத் திருத்தம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறையில் தங்கும் விடுதி ஒன்றைக் கட்டி முடித்திருந்த பெரியவர் ஒருவர், அதன் வரவேற்பறைச் சுவர்களுக்காக என்னிடம் இரண்டு படங்கள் கேட்டிருந்தார். ஒன்று, மேகம் இறங்கிய காலையில் மேலிருந்து பார்த்தால் தெரியும் ஊரின் காட்சி. மற்றொன்று, அவருடைய பழைய வீட்டுச் சமையலறையில் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கும் மலைப்பூண்டுக் கொத்துகள். முதல் படத்தைக் கேன்வாஸில் அச்சிட்டுக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்துவைத்தபோது அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றார். பிறகு, "தம்பி, மேகம் எறங்குனா ஊரு வெள்ளையால்ல இருக்கும்? இது அடுப்புக்கரி புடிச்ச சுவரு மாதிரி இருக்கே" என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. முந்தைய இரவு என் மடிக்கணினியில் பளிச்சென்று தெரிந்த அதே கோப்பு, கேன்வாஸில் சேறாகப் படிந்திருந்தது. அச்சகத்தார் மீது பழி போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கோப்பைத் திறந்து எண்களைப் பார்க்கத் தொடங்கியதும், பிழை முழுவதும் என் மேசையிலேயே நடந்திருந்தது தெரிந்தது. எந்தக் கட்டத்தில் எது கெட்டது, இரண்டாம் முறை அதை எவ்வாறு சரிசெய்தேன் என்பதை எண்களோடு இங்கே பதிவு செய்கிறேன்.

கேன்வாஸின் அளவு 45 அங்குலத்துக்கு 30 அங்குலம். மூலப்படம் 6000-க்கு 4000 பிக்சல். எனவே அங்குலத்துக்குச் சுமார் 133 பிக்சல் கிடைத்தது. ஆறேழு அடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அது போதும். கூர்மையில் யாரும் குறை காணவில்லை. ஒளிநிலைகளில்தான் எல்லாக் குறையும் இருந்தது.

படம் எடுத்த சூழல்

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் போனால், பூம்பாறைக்குச் சற்று முன்பாகச் சாலையோரத்திலிருந்து ஊர் முழுவதும் கீழே விரிந்து தெரியும். ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் வீடுகள், நீலமும் சிவப்பும் பூசிய தகரக் கூரைகள், அவற்றைச் சுற்றிப் படிப்படியாக இறங்கும் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு வயல்கள் என அந்தக் காட்சியைக் கொடைக்கானலுக்கு வருவோர் அனேகமாக எல்லோரும் எடுத்திருப்பார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு, இந்த ஊரின் படங்களைக் கேட்டு வருவோரும் எனக்குக் கூடியிருக்கிறார்கள்.

நான் எடுத்தது நவம்பர் இறுதியில், இரவெல்லாம் பெய்த மழை விட்ட ஒரு காலை ஏழு மணி அளவில். சட்டத்தின் இடப்பக்கத்தில் மிக அருகில் இரண்டு தைல மரங்கள் நின்றன, நடுவில் ஊர், அதற்கு அப்பால், மலைமுகடா மேகமா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கரைந்துகொண்டிருந்த இரண்டு வரிசை மலைகள். கேமராவின் ஒளிமானி, தான் பார்க்கும் காட்சி எதுவானாலும் அதன் சராசரி நடுச்சாம்பலாக, அதாவது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் பரப்பாக இருக்கும் என்றே கணக்கிடுகிறது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் அந்தச் சாம்பல் 0 (முழுக் கருமை) முதல் 255 (முழு வெண்மை) வரையான அளவுகோலில் 118 என்ற இடத்தில் அமரும். அதன் சொல்லைக் கேட்டு எடுத்தால், வெண்மையான மூடுபனி 118-ஐ ஒட்டிச் சாம்பலாகிவிடும். அதனால் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, ஒளியைக் கூட்டியே எடுத்தேன். அன்றைக்கு நான் யோசித்துச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்பதைப் பின்னால் வரும் கணக்கு காட்டும்.

கேமரா தானே பதப்படுத்திச் சுருக்கித் தந்த ஜேபெக் கோப்பின் ஹிஸ்டோகிராமில், அதாவது எந்த ஒளிநிலையில் எத்தனை பிக்சல் இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தில், படம் 96 முதல் 214 வரை மட்டுமே பரவியிருந்தது. இருக்கும் 256 படிகளில் பாதிக்கும் குறைவு. இரு பக்கமும் வெறும் தரை. இதை ஒளியின் அளவாக மாற்றிக் கணக்கிட்டால், மிக இருண்ட இடத்துக்கும் மிக வெளிச்சமான இடத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மடங்கு வேறுபாடு மட்டுமே இருந்தது. சுமார் இரண்டரை ஸ்டாப். உச்சி வெயிலில் கோயில் மண்டபத்தின் உள்நிழலும் வெளிப்பிராகாரச் சுவரும் ஒரே சட்டத்துக்குள் வந்தால் பத்து ஸ்டாப்பைக்கூடத் தாண்டும் என்பதோடு ஒப்பிட்டால், மூடுபனிக் காட்சி எவ்வளவு ஒடுங்கியது என்பது விளங்கும்.

முதல் திருத்தம்

திருமண ஆல்பங்கள் செய்து பழகிய கைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஹிஸ்டோகிராமின் இரு முனைகளிலும் வெற்றிடம் தெரிந்தால், அதை ஒரு குறையாகக் கருதி உடனே இழுத்து நிரப்பிவிடும். பொங்கலுக்குள் படம் வேண்டும் என்று பெரியவர் சொல்லியிருந்த அவசரத்தில், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பைத் தொடாமல் ஜேபெக்கையே திறந்து, கருப்பு, வெள்ளை முனைகளை நகர்த்தும் லெவல்ஸ் கருவியில் தானியங்கித் தேர்வை அழுத்தினேன். 96 என்பது 0 ஆயிற்று. 214 என்பது 255 ஆயிற்று. அதன்மேல் மூடுபனி நீக்கும் டிஹேஸ் நழுவியை 60 வரை தள்ளினேன். திரையில் கூரைகள் மின்னின, மரங்கள் கருத்தன, படம் எழுந்து நின்றதுபோல் இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

இப்போது அந்த இழுப்பின் கணக்கைப் பார்க்கலாம். 118 படிகளை 255 படிகளாக நீட்டுவது, ஒவ்வொரு படியையும் 2.16 மடங்கு பெரிதாக்குவது. ஊரின் சராசரி ஒளிநிலை மூலப்படத்தில் 145 ஆக இருந்தது. நீட்டிய பிறகு அது 106-க்கு இறங்கியது. அந்த இறக்கம், ஒளியின் அளவில், கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப்புக்குச் சமம். சாலையோரத்தில் நின்று யோசித்துக் கூட்டிய அதே ஒரு ஸ்டாப்பை, மேசையில் யோசிக்காமல் ஒரே சொடுக்கில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சந்துகளிலும் கூரை இறவாரத்தின் அடியிலும் 104, 105 என்று இருந்த இடங்கள் 17, 19 என்ற எண்களுக்குப் போய்விட்டன. டிஹேஸ் அவற்றை இன்னும் கீழே அழுத்தியது. மங்கலான கேன்வாஸில் அந்த ஆழத்தில் எந்த வேறுபாடும் தெரியாது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த இடைவெளி முழுவதும் ஒரே கருமையாகி, ஊர் ஒரு கட்டியாக ஒட்டிக்கொண்டதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

மறுமுனையிலும் சேதம் குறைவில்லை. மூடுபனியின் பெரும்பகுதி 190 முதல் 214 வரை, அதாவது 24 படிகளுக்குள் மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருந்தது. அந்த மென்மையே அதன் அழகு. அதை நீட்டியதும் 203 முதல் 255 வரை பரவியது. ஆனால் படிகளின் எண்ணிக்கை கூடவில்லை. அதே 24 படிகள் இரட்டை உயரத்துக்கு வளர்ந்தன. வழுக்குச் சரிவாக இருந்த இடத்தில் படிக்கட்டு கட்டியதுபோல, மேகத்தின் மேல் வரிவரியான பட்டைகள் தோன்றின. ஜேபெக்கின் சுருக்கத்தால் வரும் எட்டு பிக்சல் கட்டங்களும் அந்த வெளிர்ப்பரப்பில் லேசாகத் தலைகாட்டின. திட்டுத் திட்டான அழுக்கு என்று பெரியவர் கண்டது இவற்றைத்தான்.

நிறத்திலும் ஓர் இழப்பு நேர்ந்தது. தானியங்கி லெவல்ஸ் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று தடங்களையும் தனித்தனியாக இழுக்கும். மூன்றின் முனைகளும் ஒரே இடத்தில் போய் முட்டுவதால், காட்சியில் இயல்பாக இருந்த நிறச்சாய்வு களையப்படுகிறது. குழல்விளக்கின் கீழே எடுத்த படத்துக்கு அது நன்மை செய்யலாம். ஆனால் விடிந்தும் விடியாத நேரத்து மலையில், வானத்திலிருந்து மட்டும் ஒளி வரும்போது காணும் இளநீலம் அந்தக் காலையின் குளிர். அது போனதும் மேகம் பழுப்பாகி, புகை என்றே கண் எடுத்துக்கொண்டது.

டிஹேஸ் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அடோபி நிறுவனம் 2015-இல் தன் மென்பொருள்களில் அந்த நழுவியைச் சேர்த்த பிறகு, மலைப்படம் எடுப்போர் பலர் அதை உப்புபோல எல்லாவற்றிலும் போடுகிறார்கள். நானும் அவர்களில் ஒருவனாகவே இருந்தேன். ஒற்றைப் படத்திலிருந்து மூடுபனியை நீக்கும் வழிகளில் பெரிதும் பேசப்பட்டது, 2009-இல் கைமிங் ஹீயும் அவருடைய ஆய்வுத் துணைவர்களும் முன்வைத்த முறை. தெளிவான வெளிப்புறப் படம் ஒன்றில் எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும், அங்கே ஏதாவது ஒரு பிக்சலின் ஏதாவது ஒரு நிறத் தடம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் என்பது அதன் அடிப்படை அனுமானம். அவ்வாறு இல்லாத இடத்தில், இல்லாத அளவுக்கு மூடுபனி கலந்திருக்கிறது என்று கணக்கிட்டு, அதைக் கழித்துவிடும். இந்த அனுமானம் தடுமாறும் இடம் வெண்மையான பொருள்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் எந்தத் தடமும் தாழ்ந்திருக்காது. ஆகவே சுவரும் மூடுபனியாகவே கணக்கில் வரும். ஒவ்வொரு மென்பொருளும் உள்ளே எந்த வழியைப் பின்பற்றினாலும், என் படத்தில் நடந்தது இதுவே: வெள்ளைச் சுவர்கள் சாம்பலாயின, தைல மரங்களின் விளிம்பைச் சுற்றி ஒரு வெளிர் வளையம் எழுந்தது, படத்தின் கருப்பொருளான மேகமே கழிவாகக் கருதப்பட்டது.

இவ்வளவு கோளாறும் அன்றிரவே என் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் திரை. விளக்கை அணைத்த அறையில், மடிக்கணினியை முழுப் பிரகாசத்தில் வைத்து வேலை செய்தேன். தானே ஒளிவிடும் திரையில் 20 என்ற எண்ணும் ஒரு நிறமாகத் தெரியும். அறையின் வெளிச்சத்தைத் திருப்பியனுப்பி மட்டுமே பிழைக்கும் கேன்வாஸில் அது வெறும் மை. அச்சுக்குப் போகும் படத்தைத் திருத்தும்போது திரையின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை இருப்பது நலம் என்பதை நான் அறியாதவன் அல்லன். அன்று அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மூடுபனியைப் பற்றி மறுபடியும் யோசித்தது

இரண்டாம் முறை கோப்பைத் திறப்பதற்கு முன், மூடுபனி ஒரு காட்சியின் ஒளிநிலைகளை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஜெர்மானிய வானிலை இயற்பியலாளர் ஹாரால்ட் கோஷ்மீடர் 1924-இல் வகுத்த விதி இங்கே உதவுகிறது. ஒரு பொருளிலிருந்து நம்மை நோக்கி வரும் ஒளி, வழியில் நீர்த்துளிகளால் சிதறடிக்கப்பட்டுத் தொலைவுக்கேற்பக் குறைந்துகொண்டே வரும்; அதே துளிகள் வானத்தின் ஒளியை நம் பக்கம் திருப்பிவிடுவதால், அந்த வெண்மை தொலைவுக்கேற்பக் கூடிக்கொண்டே வரும். 300 மீட்டரில் கான்ட்ராஸ்ட், அதாவது இருளுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு, பாதியாகிறது என்று வைத்துக்கொண்டால், 600 மீட்டரில் கால்பங்கும், 900 மீட்டரில் அரைக்கால் பங்குமே மிஞ்சும். தெளிந்த நாளில் தொலைமலை நீலமாகத் தெரிவதற்குக் காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பது காரணம். மூடுபனியின் துளிகளோ ஒளியின் அலைநீளத்தைவிடப் பலமடங்கு பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடித்து வெண்மையைத் தருகின்றன.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த தெளிவு ஒன்றுதான். மூடுபனிப் படத்தில் கான்ட்ராஸ்ட் குறைவது தொலைவின் அளவுகோல். தைல மரத்தில் அது முழுதாக இருப்பதும், ஊரில் பாதியாவதும், மலையில் இல்லாமலே போவதும் சேர்ந்தே ஆழத்தைக் காட்டுகின்றன. எல்லா இடத்திலும் அதைச் சமமாகக் கூட்டிவிட்டால், மலை ஊரின்மேல் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆகவே கேள்வி "படத்துக்கு எவ்வளவு கான்ட்ராஸ்ட் வேண்டும்" என்பதாக இருக்கக் கூடாது. எந்த ஒளிநிலைக்கு அதைக் கொடுப்பது, எதனிடமிருந்து அதை எடுப்பது என்பதாக இருக்க வேண்டும். அடுக்கு வயலில் மேல்வாய்க்காலின் மடையை ஒரு பாத்திக்கு அகலமாகத் திறந்தால் அடுத்த பாத்திக்கு ஓட்டம் குறையும். வெளியீட்டுக்கு நம்மிடம் இருப்பதும் 256 படிகள் மட்டுமே.

படச்சுருளின் காலத்தில் இந்தப் பங்கீட்டைச் சுருளே செய்து தந்தது. 1890-இல் ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் ஒளிபட்ட அளவுக்கும் தகட்டின் கருமைக்கும் உள்ள உறவை அளந்து வரைந்தபோது, அடியில் வளைந்து, நடுவில் நிமிர்ந்து, முடியில் மீண்டும் வளையும் ஒரு கோடு கிடைத்தது. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் கண்ணாடித் தகடுகளில் சூரியனைப் பதிவு செய்துவந்தவர்களும் இந்த வளைவோடு மல்லுக்கட்டியவர்களே. டிஜிட்டல் சென்சாருக்கு இந்த வளைவு கிடையாது. இரு மடங்கு ஒளி விழுந்தால் இரு மடங்கு எண்ணைத் தரும். வளைவை வரைவது கேமராவுக்குள் இருக்கும் நிரலோ நாமோதான். நாம் வரையாவிட்டால், யாரோ ஒருவர் சராசரிப் படம் ஒன்றை மனத்தில் வைத்து வரைந்த வளைவே நம் மேகத்தின்மேலும் விழும்.

இரண்டாம் திருத்தம்

இம்முறை 14 பிட் ரா கோப்பிலிருந்து தொடங்கினேன். அதில் 16,384 படிகள் உண்டு. சென்சாரின் எண்கள் நேர்கோட்டில் செல்வதால், மிக வெளிச்சமான ஒரு ஸ்டாப்புக்கு மட்டும் 8,192 படிகள் கிடைக்கின்றன, அதற்கு அடுத்ததற்கு 4,096, அதற்கும் அடுத்ததற்கு 2,048. ஒளியைக் கூட்டி எடுத்த மூடுபனி மேலே உள்ள வளமான பகுதியிலேயே அமர்ந்திருந்தது. ஜேபெக்கில் 24 படிகளாகச் சுருங்கிக் கிடந்த மேகத்துக்கு இங்கே ஆயிரக்கணக்கான படிகள் இருந்தன. எது நிறமற்ற வெள்ளை என்று மென்பொருளுக்குக் காட்டும் வெண்சமநிலையை மேகத்தின்மேல் சொடுக்கி நடுநிலையாக்கிவிட்டு, பிறகு சற்றே குளிர்ச்சியின் பக்கம் திருப்பினேன். கோப்பை 16 பிட்டிலேயே கடைசி வரை வைத்திருந்தேன்.

முனைகளை 0-க்கும் 255-க்கும் கொண்டுபோகவில்லை. அச்சகத்தில் ஒரு சோதனைத் துண்டு அடித்துத் தரச் சொல்லியிருந்தேன்: 0 முதல் 60 வரை ஐந்தைந்தாக ஏறும் கருமைக் கட்டங்களும், 225 முதல் 255 வரை ஐந்தைந்தாக ஏறும் வெண்மைக் கட்டங்களும். அதே கேன்வாஸில் 20-க்குக் கீழே எல்லாக் கட்டங்களும் ஒன்றாகவே தெரிந்தன. 245-க்கு மேலே மை நின்றுபோய்த் துணியின் இழை தெரிந்தது. ஆகவே படத்தின் மிக இருண்ட இடமான தைல மரத்தின் அடிப்பகுதியை 42-இலும், மேகத்தின் மிக வெளிச்சமான இடத்தை 238-இலும் நிறுத்த முடிவு செய்தேன். மேகத்தின் நடுவில் வெறும் துணி தெரிந்தால் அது மேகமாக இருக்காது, ஓட்டையாக இருக்கும்.

பிறகு கர்வ்ஸ், ஒவ்வொரு ஒளிநிலையும் எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று வளைவாக வரையும் கருவி. பயிற்சிக் காணொளிகள் பெரும்பாலும் சொல்லித்தரும் எஸ் வடிவ வளைவு இங்கே பொருந்தாது என்று கருதினேன்; அது இரு முனைகளையும் மடக்கி நடுப்பகுதியைச் செங்குத்தாக்கும், நல்லதுதான், ஆனால் எது நடு என்பதை அளவுகோலின் மையத்தை வைத்துத் தீர்மானிக்கும். எனக்கு வேண்டிய நடு, ஊர் அமர்ந்திருந்த 130 முதல் 160 வரையான பகுதி. எனவே புள்ளிகளை இவ்வாறு வைத்தேன்: 96 என்பது 42, 130 என்பது 104, 160 என்பது 176, 190 என்பது 214, 214 என்பது 238. இப்புள்ளிகளுக்கு இடையே உள்ள சரிவைக் கணக்கிட்டால், தைல மரங்களும் சந்துகளும் உள்ள அடிப்பகுதிக்கு ஏறத்தாழ 1.8 மடங்கும், ஊருக்கு 2.4 மடங்கும், மலைகள் கரையும் பகுதிக்கு 1.3 மடங்கும், மேகத்துக்குச் சரியாக ஒரு மடங்கும் கிடைத்தன. தானியங்கி இழுப்பு ஊருக்குத் தந்தது 2.16 மடங்கு மட்டுமே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மேகத்தைத் தொடாமல் விட்டதால், ஊருக்கு அதைவிடக் கூடுதலாகவே தர முடிந்தது. ஊரின் சராசரியான 145, இம்முறை 140-க்கு மட்டுமே இறங்கியது. 17-க்குப் போயிருந்த இறவார நிழல்கள் 57-இல் நின்றன.

இந்த வளைவை மூன்று நிறத் தடங்களுக்கும் சேர்த்து அப்படியே போட்டால் நிறங்களின் செறிவும் கூடவே ஏறும். சரிவு 2.4 மடங்கு உள்ள இடத்தில் நீலத் தகரக் கூரைகள் பந்தல் விளக்குபோலக் கூவத் தொடங்கின. வளைவு அடுக்கின் கலப்பு முறையை ஒளிர்வுக்கு மட்டும் என்று மாற்றியதும் கூரைகள் அடங்கின. முற்றிலும் அடங்கிவிட்டால் அந்த ஊரின் முகமே போய்விடும் என்பதால், செறிவில் ஒரு சிறு பங்கைக் கண்ணால் பார்த்துத் திரும்பக் கொடுத்தேன். இந்த அளவுக்கு எந்தக் கணக்கும் உதவவில்லை.

உள்ளூர்க் கான்ட்ராஸ்டுக்கு, அதாவது அருகருகே உள்ள இடங்களின் வேறுபாட்டுக்கு, அன்ஷார்ப் மாஸ்க் கருவியையே பயன்படுத்தினேன். ஆனால் கூர்மைக்காகப் போடும் ஒரு பிக்சல் ஆரத்தில் போடாமல், 60 பிக்சல் ஆரமும் 15 சதவீத அளவுமாக வைத்தேன். பெரிய ஆரத்தில் அது விளிம்புகளைக் கூர்மையாக்குவதற்குப் பதிலாக, ஒரு கூரைக்கும் அதன் பக்கத்துச் சுவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சற்று விரிக்கும். ஊரின்மேல் மட்டும் அது விழும்படி மென்மையான விளிம்புள்ள முகமூடி ஒன்றை வரைந்தேன். தைல மரங்கள் மேகத்தைத் தொடும் கோட்டில் அது பட்டால் முதல் படத்தின் வெளிர் வளையம் திரும்ப வந்துவிடும். டிஹேஸைத் தொடவே இல்லை. இறுதியில் 8 பிட்டுக்கு மாற்றும் முன், மேகத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மணல் போன்ற புள்ளிகளைத் தூவினேன். சீரான சரிவில் படிகள் தெரியாமல் இருக்க அந்தச் சிறு குழப்பம் உதவுகிறது.

திரையின் பிரகாசத்தை 100 கேண்டெலா அளவுக்குத் தாழ்த்தி, பகலில் சன்னலோரம் அமர்ந்து, சோதனைத் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பார்த்தேன். படம் திரையில் சப்பென்று இருந்தது. முதல் திருத்தத்தைப் பக்கத்தில் வைத்தால் யாரும் அதையே தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஆசையைத் தாண்டுவது எனக்கு இவ்வேலையின் மற்ற எல்லாப் படிகளையும்விடக் கடினமாக இருந்தது.

இரண்டாம் அச்சைக் கொண்டுபோன அன்று பெரியவரின் தாயாரும் வந்திருந்தார். அவர் படத்தை நெருங்கி, விரலால் கூரை கூரையாகத் தாண்டிச் சென்று, மூன்றாம் வரிசையில் ஒரு சந்தின் முனையில் நிறுத்தி, "இந்தா நம்ம வீடு" என்றார். முதல் அச்சில் அந்தச் சந்து இருந்த தடமே இல்லை. பெரியவருக்கு மட்டும் ஒரு குறை இருந்தது: மேகம் லேசாக மஞ்சளடிப்பதுபோல் இருக்கிறதே என்றார். வரவேற்பறையில் எரிந்துகொண்டிருந்தது 2700 கெல்வின், அதாவது மஞ்சள் கலந்த ஒளி தரும் விளக்கு. அந்த ஒரு விளக்கை மட்டும் 4000 கெல்வினுக்கு மாற்றியதும் குறை நீங்கியது. மேல் வலது மூலையில், பக்கவாட்டிலிருந்து ஒளி விழும்போது மிக மெல்லிய பட்டை ஒன்று இன்னும் தெரிகிறது. எனக்குத் தெரிகிறது, வேறு யாரும் சொல்லவில்லை.

பூண்டுப் படம்

இரண்டாம் படத்தின் சிக்கல் இதற்கு நேர் எதிரானது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சமையலறையில் ஒரே ஒரு சிறிய சன்னல், புகையேறிய சுவர், அடுப்பின் மேலே பூண்டுக் கொத்துகள். சன்னலுக்கு வெளியே வெயில். சென்சார் தாங்கும் வீச்சு முழுவதையும் காட்சி விழுங்கியிருந்தது. வெளியே தெரியும் வயலைக் காப்பாற்ற ஒளியைக் குறைத்து எடுத்தால், சுவர் பத்தாவது ஸ்டாப்பில் போய் விழும். 14 பிட் கோப்பிலும் அந்த ஆழத்தில் 16 படிகள்தான் உண்டு. ஷேடோ நழுவியை முழுவதும் தள்ளி அதை மேலே தூக்கினால் வருவது சுவராக இருக்காது, நிறப்பொறிகள் கலந்த மணலாக இருக்கும். பல ஒளியளவில் எடுத்து ஒன்றிணைக்கும் எச்டிஆர் முறையில் ஒரு முறை செய்தும் பார்த்தேன்: வயலும் தெரிந்தது, சுவரும் தெரிந்தது, பூண்டும் தெரிந்தது; ஆனால் சமையலறையில் இருட்டு இல்லை. விளம்பரத்துக்கு விளக்குகள் போட்டு எடுத்த வீடுபோல இருந்தது.

ஆகவே பூண்டுத் தோலின் வெளிர்மை 200-ஐ ஒட்டி அமரும்படி ஒளியைத் தீர்மானித்து எடுத்த ஒற்றைச் சட்டத்தையே தேர்ந்தேன். சுவரின் ஆழ்நிழலை, இந்த அச்சகத்துக் கேன்வாஸ் பிரித்துக் காட்டக்கூடிய எல்லைக்குச் சற்று மேலே, 26-இல் நிறுத்தினேன். சன்னலை வெளுக்க விட்டுவிட்டேன். அதன் சட்டத்தின் மரவிளிம்பு மட்டும் கரையாதபடி ஹைலைட்டை, அதாவது மிக வெளிச்சமான பகுதிகளை, சிறிது இறக்கினேன். அச்சைக் காட்டும்போது, வெளியே வயல் தெரியாததற்கு முன்கூட்டியே விளக்கம் சொல்லத் தொடங்கினேன், "ஐயா, அந்தச் சன்னல்ல ஒண்ணும் தெரியாது, அது வந்து" என்று. அவர் கையமர்த்தினார்.

"அடுப்படியில இருந்து பாத்தா அது எப்பவும் அப்படித்தானே தம்பி தெரியும்."